பழைய புளூகல் ஹார்ன் வாங்குவது எப்படி?

எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவர்களைச் சிறு வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். கொம்பில் பூசிய வர்ணத்தையோ, கழுத்தில் கட்டிய சலங்கையையோ அவர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பிறகு பத்தடி நடத்திப் பார்ப்பார்கள். கடைசியில்தான் துண்டுக்கு அடியில் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பல்லைப் பாராமல் மாடு பிடித்தவன் ஏர் கட்டும் நாளில் வருந்துவான் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

நான் மாடு வாங்கவில்லை. புளூகல் ஹார்ன் என்னும் ஊதுவாத்தியம் ஒன்றை வாங்கினேன். ஆயினும் நன்றாக வருந்தினேன். அந்தக் கதையையும், அதன்பின் நான் கற்றதையும் எழுத வேண்டிய சமயம் இப்போது வந்திருக்கிறது. நம் சங்கத்தின் இசைக்குழுவுக்குப் பழைய புளூகல் ஹார்ன் ஒன்று வாங்குவதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகி, சந்தாப் பணத்திலிருந்து ரூ. 10,000 ஒதுக்கியிருக்கிறார்கள். “கடைக்குப் போய் நல்லதாகப் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டால் போயிற்று, இதற்கென்ன யோசனை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடுதியில் மாலைச் சிற்றுண்டியைக் குறைத்துக்கொண்டு சந்தா கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பணத்துக்காகவேனும் யோசிக்கத்தான் வேண்டும். நானோ இவ்வாண்டோடு எம்.எஸ்ஸி. முடித்து இப்பல்கலைக்கழகத்தை விட்டுச் செல்பவன். வாங்கப் போகிறவர்கள் வேறு சிலராக இருக்கக் கூடும். ஆதலின் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

இது என்ன வாத்தியம்?

டிரம்பெட்டைக் கல்யாண ஊர்வலத்தில் பார்க்காதவர் இல்லை. புளூகல் ஹார்ன் அதன் ஒன்றுவிட்ட சகோதரன். மூன்று வால்வுகள், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சுருட்டிய பித்தளைக் குழாய், பி-பிளாட் சுருதி ஆகியவை இரண்டுக்கும் பொது. வேற்றுமை குழாயின் வடிவத்தில் இருக்கிறது. டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமாகச் சென்று, இறுதியில் விரியும். புளூகல் ஹார்னின் குழாயோ, வால்வுகள் உள்ள பகுதி நீங்கலாக, தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக அகன்றுகொண்டே போகும். பெயர்பெற்ற பல புளூகல் ஹார்ன்களில் வால்வருகே உள்விட்டம் சுமார் 10.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான டிரம்பெட்டில் அது 11.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் வாய்ப்புனலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். டிரம்பெட்டின் புனல் 12 சென்டிமீட்டர் சொச்சம். இதன் புனல் 15 சென்டிமீட்டர்.

குறுகித் தொடங்கி அகன்று முடியும் இந்த அமைப்பினால் மேல்நிலை அதிர்வுகள் அடங்கி, ஓசை கூர்மை நீங்கிக் குழைவாக வருகிறது. பிரிட்டிஷ் பித்தளை வாத்தியக் குழுவொன்றில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தாலும் புளூகல் ஹார்ன் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் 1957-இல் வெளிவந்த ‘மைல்ஸ் அஹெட்’ இசைத்தட்டில் ஊதியது இதனைத்தான்.

பாட்டுக் கச்சேரிக்கு மண்டபத்துக்குள் டிரம்பெட்டை ஊதினால் பாடுகிறவர் குரல் மூழ்கிப்போகும். புளூகல் ஹார்னோ பாட்டுக்குப் பக்கத்தில் அடக்கமாக அமரும். நம் குழுவுக்கு இது வேண்டும் என்று நான் வாதாடிய காரணம் அதுவே. “பாண்டு வாத்தியம் நமக்கு எதற்கு?” என்று கேட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சை சரபோஜி மன்னர் அரண்மனையில் மேனாட்டு பாண்டு இருந்தது. ஆங்கிலேயர் பாண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டே முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். ஆகவே இது நம் வாசலுக்குப் புதிய விருந்தாளி அன்று.

நான் ஏமாந்த கதை

இரண்டாண்டுகளுக்கு முன் டில்லியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு புளூகல் ஹார்னைக் கண்டேன். முழுவதும் வெள்ளி முலாம். புனலில் பூவேலைப்பாடு, அதன் நடுவே ‘இலண்டன்’ என்ற எழுத்து. வால்வுகள் வெண்ணெயில் விரல் போவதுபோல இறங்கின. கடைக்காரர் அதைக் குழந்தையைப்போல் பட்டுத் துணியில் ஏந்திக் கொடுத்தார். ரூ. 14,000 கொடுத்தேன். பள்ளிச் சிறுவர்களுக்குப் பத்து மாதம் டியூஷன் சொல்லிச் சேர்த்த பணம் அது. அதில் பாதியைத் தங்கையின் கல்லூரிச் சம்பளத்துக்கு அனுப்புவதாக வீட்டுக்கு எழுதியிருந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அறையில் தனியாக ஊதியபோது குறையொன்றும் தெரியவில்லை. சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவின் ஒத்திகைக்கு ஆய்வுக்கூடத் தேர்வு குறுக்கிட்டதால் நான் போகவில்லை. விழா மேடையில் ஆர்மோனியம் சுருதி கொடுத்தது, நானும் ஊதினேன். இரண்டு ஓசையும் கைகலந்து சண்டையிட்டன. பாட வந்த தங்கை ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கினார். மீண்டும் அதே கதி. பாட்டு முடியும்வரை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைபோல் உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு முதல் விடுதியில் எனக்கு ‘கால் சுருதி’ என்று பெயர்.

குற்றம் என் ஊதலில் இல்லை என்பதைப் பின்னால் அறிந்தேன். இன்று உலகில் பொதுவாக ‘ஏ’ என்னும் ஸ்வரம் வினாடிக்கு 440 அதிர்வு. பிரிட்டனின் பித்தளை வாத்தியக் குழுக்களோ 1960-களின் நடுப்பகுதிவரை 452.5 அதிர்வுள்ள உயர்சுருதியைக் கையாண்டன. அக்குழுக்களுக்கென்று செய்த கருவி ஒன்று எப்படியோ கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருந்தது. இரண்டு சுருதிக்கும் இடையே 12.5 அதிர்வு வேற்றுமை. அஃதாவது, சேர்த்து ஊதினால் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை ஓசை துடிக்கும். இது ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. நண்பர்கள் சூட்டிய பெயர் விஞ்ஞான ரீதியாகவும் சரியே!

குழாயை நீட்டிச் சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். அவ்வளவு இடம் அதில் இல்லை. நீட்டினாலும், வால்வுகளோடு சேர்ந்த கிளைக்குழாய்களும் அதே விகிதத்தில் குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு விதமாகப் பிசகும். கண்ணுக்கு அது அழகிய வாத்தியம்தான், காதுக்கு உதவாது.

முதற் சோதனை: சுருதி

ஆகவே எல்லாவற்றிலும் முதலில் சுருதியைப் பாருங்கள். கைப்பேசியில் உள்ள சுருதிமானி இதற்குப் போதும். ஆனால் எடுத்தவுடன் அளக்கலாகாது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு ஏறும். 10 டிகிரியில் வினாடிக்கு 337 மீட்டர் என்றால் 40 டிகிரியில் 355 மீட்டர். டில்லியின் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே உள்ள வேற்றுமை இது. கருவிக்குள் நம் மூச்சின் சூடு இருப்பதால் சுருதி இவ்வளவு மாறாது, எனினும் மாறும். எனவே பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும்.

புளூகல் ஹார்னில் சுருதி கூட்டுவதற்கென்று வளைந்த ஸ்லைடு கிடையாது. மவுத்பீஸ் செருகும் ஊதுகுழாயையே முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு சிறு திருகாணியால் இறுக்க வேண்டும். அதை முழுவதும் உள்ளே தள்ளினால் சுருதி சற்று ஏறியும், ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே இழுத்தால் 440-க்குப் பொருந்தியும் இருப்பது நல்ல கருவி. இரண்டு சென்டிமீட்டர் இழுத்தும் சுருதி இறங்காவிட்டால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். முழுவதும் தள்ளியும் சுருதி ஏறாவிட்டாலும் அப்படியே. குழாயே அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சோதனை முடியவில்லை என்று பொருள். விற்பவர் அதை அசைத்துக் காட்டட்டும்.

வால்வு அழுத்தாமல் வரும் ஸ்வரங்களில் ஐந்தாவது மட்டும் சற்று இறங்கியே ஒலிக்கும். அடிப்படை அதிர்வின் ஐந்து மடங்கு என்பது, பன்னிரண்டு சமபாகமாகப் பகுத்த ஸ்வர வரிசையைவிட அரைச் சுரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைவு. இது இயற்கையின் கணக்கு. அதற்காகக் கருவியைக் குறைசொல்லி விலை குறைக்க முயல்வது தகாது.

இரண்டாம் சோதனை: வால்வு

வால்வுதான் இவ்வாத்தியத்தின் உயிர்நிலை. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள வெளி தலைமுடியின் பருமனிலும் குறைந்தது. அவ்வெளி தேய்ந்து அகன்றால் மூச்சு பக்கவாட்டில் கசிந்து, ஸ்வரம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும்.

சோதிக்கும் முறை எளிது. முதல் வால்வை அழுத்தாமல், அதன் ஸ்லைடை இரண்டு விரற்கடை வெளியே இழுங்கள். ஐந்து வினாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சிறு வெடிச்சத்தம் கேட்க வேண்டும். ஸ்லைடை இழுக்கும்போது உள்ளே அடைபட்ட இடம் பெரிதாகி, காற்றின் அழுத்தம் குறைகிறது. வால்வு இறுக்கமாக இருந்தால் அக்குறைவு அப்படியே நின்று, திறந்தவுடன் வெளிக்காற்று பாய்ந்து சத்தமிடும். கசிவு இருந்தால் ஐந்து வினாடிக்குள் காற்று புகுந்து சமமாகிவிடும், சத்தம் வராது. மூன்று வால்வுகளையும் இவ்வாறே பாருங்கள்.

இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட்டால் தேய்ந்த வால்வும் சில நாள் ‘டப்’ என்னும். என் வெள்ளி வாத்தியத்தின் ‘வெண்ணெய்’ அதுதான். இரண்டு வாரத்தில் எண்ணெய் வடிந்து, வால்வு கசியத் தொடங்கியது. ஆகவே விற்பவரின் அனுமதி பெற்று, பிஸ்டன்களை வெளியே எடுத்து மெல்லிய துணியால் துடைத்து, நீங்கள் கொண்டுபோன மெல்லிய வால்வு எண்ணெயை இரண்டு துளி இட்டு மறுபடி சோதியுங்கள். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் காற்றே போகாது. வெளியே எடுத்தபோது நீளவாக்கில் கீறல் உண்டா, முலாம் தேய்ந்து உள் உலோகம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த பிஸ்டனுக்கு மறுபடி முலாமேற்றிச் செதுக்கிச் சேர்ப்பது நுட்பமான வேலை. மலிவான கருவிக்கு அந்தக் கூலி கட்டாது.

மூன்றாம் சோதனை: ஸ்லைடு

மூன்றாம் வால்வின் ஸ்லைடு தாராளமாக நகர வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம்.

குழாயின் நீளம் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அரைச் சுரம் இறங்க நீளம் 5.95 சதவீதம் கூட வேண்டும். எனவே அரைச் சுரம் இறக்கும் இரண்டாம் வால்வுக்கு 8.9 சென்டிமீட்டர் குழாய். இரண்டு அரைச் சுரம் இறக்கும் முதல் வால்வுக்கு 18.4, மூன்று அரைச் சுரம் இறக்கும் மூன்றாம் வால்வுக்கு 28.4. இப்போது முதலையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஐந்து அரைச் சுரம் இறங்க வேண்டும். அதற்குத் தேவை 50.2 சென்டிமீட்டர், நம்மிடம் இருப்பதோ 46.8. மூன்றையும் அழுத்தினால் தேவை 62.1, இருப்பது 55.7. கூட்டு வட்டியைத் தனி வட்டியாகக் கணக்கிட்டால் பணம் குறைவதுபோல, வால்வுகளைச் சேர்க்கச் சேர்க்கக் குழாய் பற்றாமல் போகிறது. பற்றாத நீளத்தை ஊதும்போதே மூன்றாம் ஸ்லைடை விரலால் தள்ளி ஈடு செய்ய வேண்டும். அதற்காகவே அதில் வளையமோ நெம்புகோலோ வைத்திருப்பார்கள்.

ஸ்லைடு இறுகிப் பிடித்திருந்தால் கீழ் ஸ்வரங்கள் ஏறியே ஒலிக்கும். ஆனால் இது தீராத நோய் அன்று. கைதேர்ந்த மிஸ்திரி கழற்றிவிடுவார். நீங்களே இடுக்கி போட்டு இழுக்காதீர்கள். பற்று விட்டுப் போகும்.

நான்காம் சோதனை: உலோகம்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சாதாரண மஞ்சள் பித்தளையில் நூற்றுக்கு முப்பது பங்கு துத்தநாகம். உமிழ்நீரின் ஈரம் ஆண்டுக்கணக்கில் தங்கினால் துத்தநாகம் கரைந்துபோய், கடற்பஞ்சுபோலத் துளைவிழுந்த செம்பு மட்டும் எஞ்சும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது அதன் அடையாளம். உள்ளேயிருந்து அரித்து வருவதால், புள்ளி வெளியே தெரியும்போது நோய் முற்றிவிட்டது என்று கொள்ளலாம். ஊதுகுழாயில்தான் இது முதலில் தோன்றும். நல்ல வெளிச்சத்தில், முலாமில்லாத இடங்களில் தேடுங்கள். துத்தநாகம் குறைந்த, செம்மை கலந்த பித்தளையில் ஊதுகுழாய் செய்திருந்தால் இந்த நோய் அணுகுவது அரிது.

இன்னொரு பகைவன் அம்மோனியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் இருந்த ஆங்கிலேயர் படையின் பித்தளைத் தோட்டாக்கள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தாமாகவே வெடிப்புவிட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உலோகத்தை இழுத்து வார்த்தபோது அதனுள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கம் கண்டார்கள். பித்தளையை மெருகேற்றும் சில தைலங்களிலும் அம்மோனியா உண்டு. ஆகையால் அளவுக்கு மீறிப் பளபளக்கும் பழைய வாத்தியத்தைச் சந்தேகியுங்கள். வளைவுகளிலும் பற்றவைத்த ஓரங்களிலும் முடி போன்ற வெடிப்பு உண்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தேய்த்துத் தேய்த்துத் தகடு மெலிந்திருக்கிறதா என்பதைப் புனலின் ஓரத்தைப் பெருவிரலால் இலேசாக அழுத்தினால் அறியலாம்.

சொட்டைகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். புனலில் விழுந்த சொட்டை அழகைக் கெடுக்கும். ஓசையை அவ்வளவாகக் கெடுக்காது. குறுகலான ஊதுகுழாயில் விழுந்ததோ சிறிதாயினும் ஸ்வரத்தைப் பிசக்கும்.

மவுத்பீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கு ஆழமான, கூம்பு வடிவக் குழியுள்ள மவுத்பீஸ் வேண்டும்; டிரம்பெட்டினுடையது உதவாது. செருகும் தண்டின் சரிவிலும் மூன்று வகைகள் வழக்கில் உள்ளன. பழைய பிரெஞ்சுக் குவெனான் கருவிகளின் தண்டு மற்றவற்றில் பொருந்தாது. ஆடாமல் பொருந்தும் மவுத்பீஸ் கருவியோடு கூடவே வருமானால் அது தனி லாபம்.

விலைக் கணக்கு

இனி விலைக்கு வருவோம். எனக்குக் கைகொடுத்த முறை இதுதான்.

முதலில், அதே தயாரிப்பு இன்று புதிதாக என்ன விலை என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். நான்கு சோதனைகளிலும் தேறிய பழைய கருவிக்கு அதில் பத்தில் ஆறு பங்கைத் தொடக்க விலையாக வையுங்கள். புதியதற்கு உள்ள உத்தரவாதமும், குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் பழையதற்கு இல்லை. குறைத்த நாலு பங்கு அதற்கு ஈடு. பிறகு பழுது பார்க்கும் கூலியைக் கழியுங்கள்; அதை ஊகிக்காமல் மிஸ்திரியிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருத்தமான மவுத்பீஸ், கெட்டியான பெட்டி ஆகியவற்றுக்குப் பாதி விலை கூட்டுங்கள். முலாமுக்கும் பூவேலைக்கும் ஒன்றும் கூட்ட வேண்டாம். உயர்சுருதிக் கருவிக்கும், அரித்த குழாய்க்கும், ‘டப்’ என்னாத வால்வுக்கும் பத்தில் ஆறு என்ற பேச்சே இல்லை. அவை எடைக்குப் போடத் தக்கவை; எடையோ ஒரு கிலோவுக்குச் சற்று மேல்!

ஜப்பானிய யமஹா, அமெரிக்க கெட்ஸன் போன்றவை புதிதாக வாங்கினால் உள்நாட்டுக் கருவியைப்போல் பல மடங்கு விலை. அவற்றில் பழையது கிடைத்தாலும் நம் பத்தாயிரத்துக்குள் அடங்காது. அடங்கும் விலையில் யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும். நமக்கு ஏற்றது மீரட் வாத்தியம்தான். டில்லியிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்நகரின் ஜாலி கோட்டிப் பகுதி பாண்டு வாத்தியத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1885-இல் தோன்றிய நாதிர் அலி கம்பெனி அவ்வூர்த் தொழிலின் மூத்த பெயர்களில் ஒன்று. அங்கே செய்யும் கருவிகளில் மிக நல்லதும் உண்டு. அவசரத்தில் செய்ததும் உண்டு. அதனால்தான் ஊதிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்கிறேன்.

காலமும் விலையை ஏற்றி இறக்கும். வடநாட்டு இந்துக்கள் ஆஷாட மாதத்து ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரையில் நான்கு மாதம் கல்யாணம் செய்வதில்லை. கல்யாணம் இல்லையென்றால் பாண்டுக்காரருக்கு வேலை இல்லை. அந்த நான்கு மாதங்களில் வாத்தியங்கள் விற்பனைக்கு வரும்; விலையும் இறங்கியிருக்கும். வாங்குகிறவனுக்கு அது நல்ல காலம். விற்கிறவனுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

உஸ்தாத் சொல்லாத விலை

என் வெள்ளி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மீரட்டுக்கு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மிஸ்திரிதான் உயர்சுருதி விஷயத்தை எனக்கு விளக்கியவர். அதே நாளில் ஒரு பெரியவர் தம் புளூகல் ஹார்னை விற்க அங்கே வந்திருந்தார். போலீஸ் பாண்டில் பணியாற்றி ஓய்வு பெற்று, பின்பு கல்யாண பாண்டுகளில் ஊதி வந்தவர். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தனர்.

அவருடைய வாத்தியத்தில் முலாம் இல்லை. புனலில் இரண்டு சொட்டை. நான் கேட்கும் முன்பே, “பேட்டா, மூன்றாவது ஸ்லைடு இறுகிவிட்டது. கழற்றக் கூலி கொடுக்க இப்போது முடியவில்லை. மற்றதெல்லாம் நீயே பார்த்துக்கொள்” என்றார். சோதித்தேன். சுருதி 440-இல் கச்சிதமாக நின்றது. மூன்று வால்வும் ‘டப்’ என்றன. நோட்டுப் புத்தகத்தில் கணக்கிட்டேன். புதியது அப்போது ரூ. 12,000. பத்தில் ஆறு பங்கு 7,200. ஸ்லைடு கழற்ற 600, ஃபெல்ட்டும் ஸ்பிரிங்கும் மாற்ற 200, மீதி 6,400. மவுத்பீஸுக்கு 500 கூட்ட, 6,900. விலை கேட்டேன். “நாலாயிரத்து ஐந்நூறு” என்றார்.

நான் நோட்டை மூடினேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு வாத்தியத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது, ரூ. 2,400 லாபம் என்று மனம் துள்ளியது. காஜியாபாத் தாண்டியதும் துள்ளல் அடங்கிவிட்டது. டில்லிக் கடைக்காரர் என்னிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. தாம் அறிந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது நான் செய்ததும் அவ்வளவுதானே? அவராவது கடை நடத்துகிறவர். எனக்கு விற்றவரோ தம் வாத்தியத்தின் குறையைத் தாமே எடுத்துச் சொன்னவர். வேலையில்லாத மாதத்தில் விற்றவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூ. 2,400 எடுத்துக்கொண்டு மறுபடி மீரட் போனேன். பட்டறையில் அவரைக் கண்டு, நோட்டைக் காட்டிக் கணக்கைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். “ஃபெல்ட்டுக்கு இவ்வளவு ஆகாதே” என்று மட்டும் சொன்னார். பிறகு என் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கி, மிஸ்திரியிடம் எண்ணெயும் கனமான நாடாவும் கேட்டு வாங்கினார். ஸ்லைடின் வளைவை இலேசாகச் சூடு காட்டி, நாடாவைக் கோத்து, வெடுக் வெடுக்கென்று அரைமணி நேரம் இழுத்து அதைக் கழற்றினார். இரண்டாயிரம் எடுத்துக்கொண்டு நானூறைத் திருப்பிக் கொடுத்தார். “பஸ்ஸுக்கு வைத்துக்கொள், இரண்டு தடவை வந்திருக்கிறாய்” என்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஊத, மற்றவர் பத்தடி தள்ளி நின்று கேட்கலாம். வால்வு எண்ணெய், மெல்லிய துணி, சுருதிமானி, நோட்டுப் புத்தகம் ஆகிய நான்கையும் மறவாதீர்கள். காலையில் போய், அவசரமின்றிப் பாருங்கள். முதல் நாளே வாங்கியாக வேண்டும் என்ற விரதம் வேண்டாம். கணக்குக்கு மேல் கேட்டால் நோட்டைக் காட்டி வாதாடுங்கள். அது உங்கள் உரிமை. கணக்குக்குக் குறைவாகக் கேட்டாலும் அதே நோட்டைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலாக இருந்தால்தான் அது கணக்கு. சங்கத்தின் பத்தாயிரத்துக்குள் இரண்டும் அடங்கும்.

உஸ்தாதின் வாத்தியத்தில் சொட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வெள்ளி வாத்தியம் என் அறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வரும் பொங்கல் விழாவில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போடும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஒத்திகைக்கும் வருவேன். சுருதி சேர்ந்துவிட்டால், நண்பர்கள் எனக்கு இட்ட பெயரைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.